நிமிடத்துக்கு 40 சொட்டு

ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து இரண்டாம் வருடம், ஆண்கள் சர்ஜரி வார்டில் இருந்தேன். சர்க்கரை நோயால் காலில் புண்ணாகிப் படுத்திருந்தார் ஒரு பெரியவர். சீழ் கல்ச்சரில் எம்.ஆர்.எஸ்.ஏ. (வழக்கமான பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியா) என்று ரிப்போர்ட் வந்ததும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதினார்கள். 1 கிராம், 200 மில்லி சலைனில் கலந்து, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை.

இந்த மருந்து நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 1 கிராம் இறங்க 100 நிமிடம் ஆகும். டிரிப் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் இன்ஃபியூஷன் பம்ப் வார்டில் இல்லை. மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் அது நிமிடத்துக்கு 40 சொட்டு. வாட்சைப் பார்த்து எண்ணி, குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தைத் திருகி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் மகன் ஓடி வந்தார். "சிஸ்டர், அப்பா கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கார்."

போய்ப் பார்த்தால் பாட்டிலில் பாதிக்கு மேல் காலி. "ரொம்ப மெதுவா இறங்குச்சு. அப்பாவுக்குச் சாப்பாடு குடுக்கணும்னு கொஞ்சம் திறந்துவிட்டேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சக்கரத்தைத் தொடாதீர்கள், தொட்டால் இன்னது ஆகும் என்று நான்தான் சொல்லாமல் போயிருந்தேன்.

டிரிப்பை மூடிவிட்டு பி.பி. பார்த்தேன். கொஞ்சம் இறங்கியிருந்தது. மூச்சில் இழுப்பு இல்லை, உதடு வீங்கவில்லை. டியூட்டி டாக்டர் வந்து அரிப்பை அடக்கும் அவில் ஊசி போடச் சொன்னார்.

பாடத்தில் இதை 'ரெட் மேன் சிண்ட்ரோம்' என்று படித்திருந்தேன். முகமும் கழுத்தும் மார்பும் சிவந்துபோகும் என்று இருந்தது. ஆனால் அந்தப் பெரியவர் நல்ல கறுப்பு. சிவப்பு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தொட்டால் கழுத்து சூடாக இருந்தது, "நமநமன்னு அரிக்குதும்மா" என்றார், அவ்வளவுதான். வெள்ளைத் தோலைப் பார்த்து வைத்த பெயரை நம்பிச் சிவப்பைத் தேடியிருந்தால் அன்றைக்கு அதைத் தவறவிட்டிருப்பேன். இப்போது அந்தப் பெயரை விட்டுவிட்டு 'வான்கோமைசின் இன்ஃபியூஷன் ரியாக்ஷன்' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான்.

வேகமாக ஏறும்போது மருந்து உடம்பில் உள்ள மாஸ்ட் செல்களை நேராகத் தூண்டி, அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியே தள்ளுகிறது. பெரும்பாலும் இது அலர்ஜி இல்லை. அதனால்தான் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் 'வான்கோ அலர்ஜி' என்று நான் எழுதப் போனபோது டாக்டர் தடுத்தார். அப்படி எழுதினால் அவருக்கு மிகவும் வேண்டிய மருந்து அடுத்த முறை கிடைக்காமலே போகலாம். "வேகமாக ஏறியதால் ரியாக்ஷன்" என்று எழுதினேன். அரிப்பு அடங்கியதும் மீதியைப் பாதி வேகத்தில் விட்டோம், ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் சிறுநீரகம். இந்த மருந்து அதையும் பாதிக்கலாம். வான்கோமைசின் 1958இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. அந்தக் காலத்தில் சரியாகச் சுத்திகரிக்காமல் பழுப்பாக இருந்ததால் 'மிசிசிப்பி சேறு' என்றே பட்டப்பெயர். இன்று மருந்து சுத்தமாகிவிட்டது, சிறுநீரகத்தைக் கவனிக்கும் வேலை மட்டும் குறையவில்லை. இவருக்குக் கூடவே பைப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறலாம். ட்ரஃப் லெவலுக்கு, அதாவது ரத்தத்தில் மருந்து மிகக் குறைவாக இருக்கும்போதுள்ள அளவைப் பார்க்க, ரத்தம் எடுப்பதென்றால் அடுத்த டோஸ் தொடங்குவதற்குச் சற்று முன்னால் எடுக்க வேண்டும். டோஸ் ஓடும்போது எடுத்துவிட்டால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும், அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடுவார்கள். அதனால் மருந்து ஏற்றிய நேரம், ரத்தம் எடுத்த நேரம் இரண்டையும் நிமிடம் முதற்கொண்டு எழுதுவேன்.

சிறுநீர் அளவை எழுதும் வேலையை அந்த மகனிடமே கொடுத்தேன். எதற்கு என்றும் இந்த முறை விளக்கினேன். ஒவ்வொரு முறையும் அளந்து ஒரு நோட்டில் குறித்து வைத்தார். ஐந்தாம் நாள் காலையில் ரவுண்ட்ஸுக்கு முன்பே அந்த நோட்டோடு வந்து நின்றார். "சிஸ்டர், நேத்தைக்கு இருந்ததுல பாதிதான் வந்திருக்கு." உடனே ரத்தம் அனுப்பினோம். கிரியாட்டினின் 1.0இலிருந்து 1.6 ஆகியிருந்தது. அன்றே டோஸைக் குறைத்து, கூடப் போன மருந்தையும் மாற்றினார்கள்.