படிவத்தில் ஒரு கட்டம் காலி, எனக்கு ஆறு வாரத் தூக்கம் காலி

சிறுநீரில் ரத்தம், ஸ்கேன், சிறுநீர்ப் பாதை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி எல்லாம் நான்கே நாளில் முடிந்துவிட்டன. நீர்ப்பையின் கழுத்துப் பக்கம், புராஸ்டேட்டை ஒட்டி, வெல்வெட் மாதிரி சின்னதாய் ஒரு வளர்ச்சி. கிள்ளி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். கூத்து அதற்கு அப்புறம்தான்.

'புராஸ்டேட் புற்றுநோயாக இருக்கலாம்' என்று ரிப்போர்ட் வந்தது. திசுவில் ஏஎம்ஏசிஆர் என்ற சாயம் பிடித்திருந்தது, பி63 என்ற சாயம் பிடிக்கவில்லை, அதுதான் காரணமாம். ஆனால் புராஸ்டேட் புற்றில் பொதுவாக ஏறும் பிஎஸ்ஏ அளவு ரத்தத்தில் சாதாரணம். டாக்டருக்கே இடித்தது. "எதற்கும் இன்னொரு பேத்தாலஜிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள்" என்றார். திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்தான் பேத்தாலஜிஸ்ட்.

லேப் கவுன்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே திசுச் சீவல் ஒட்டிய இரண்டு கண்ணாடி ஸ்லைடுகளை உறையில் போட்டு நீட்டினார். அதை எடுத்துக்கொண்டு இரண்டாவது இடத்துக்குப் போனால், "பிளாக் எங்கே சார்?" என்கிறார்கள். திசுவை மெழுகில் பதித்து வைத்த சின்னக் கட்டிதான் பிளாக். அதிலிருந்து புதிதாகச் சீவினால்தான் வேறு சாயம் போட்டுப் பார்க்க முடியும். திரும்பி வந்தேன். டாக்டர் கடிதம் வேண்டுமாம். கடிதத்தோடு போன அன்று பிளாக் எடுத்துத் தருபவர் லீவு. மூன்றாவது நடையில்தான் கைக்கு வந்தது. நீங்கள் போகிறவராக இருந்தால் ஸ்லைடு, பிளாக், ரிப்போர்ட் நகல் மூன்றையும் முதல் நாளே சேர்த்துக் கேளுங்கள். எண்கள் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பிளாக்கை விட்டுவிடாதீர்கள், அது மெழுகு.

இரண்டாவது பேத்தாலஜிஸ்ட் ஸ்லைடைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "முன்னால் அந்த இடத்தில் ஏதாவது ஆபரேஷன்?"

இரண்டு வருடம் முன்பு நீர்ப்பைக் கல்லை உடைத்து எடுத்தார்கள், அப்புறம் கொஞ்ச நாள் டியூப் இருந்தது என்றேன். அவர் பேசாமல் பயாப்ஸி படிவத்தின் நகலை என் பக்கம் திருப்பினார். 'முந்தைய நோய் விவரம்' என்ற கட்டம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அடப்பாவிகளா!

புதுச் சாயங்கள் வந்ததும் திரையில் காட்டினார். தடித்த ரோஜா நிற வளையத்துக்குள் குட்டிக் குட்டிக் குழாய்கள். சில செல்கள் ஆணித்தலை மாதிரி உள்ளே துருத்திக்கொண்டிருந்தன. பாக்ஸ்8 சாயத்தில் உட்கருக்கள் எல்லாம் பழுப்பு. புராஸ்டேட் புற்றில் அது பொதுவாகப் பிடிக்காது. அங்கே பிடிக்க வேண்டிய என்கேஎக்ஸ்3.1 இங்கே பிடிக்கவில்லை. நெஃப்ரோஜெனிக் அடினோமா. புற்று இல்லை. கல், டியூப், ஆபரேஷன் என்று புண்பட்ட இடத்தில் வருவது. ஏஎம்ஏசிஆர் இதிலும் பிடிக்கும் என்பதுதான் வம்பே.

பெயரில் உள்ள 'நெஃப்ரோ' சிறுநீரகத்தைக் குறிக்குமாம். சிறுநீரகத்துக்கும் நீர்ப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். 2002-ல் வந்த ஓர் ஆய்வைச் சொன்னார். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு வந்த இந்த வளர்ச்சியில், தானம் தந்தவருடைய செல்கள்தான் இருந்தனவாம். சிறுநீரகக் குழாய் செல்கள் உதிர்ந்து வந்து புண்ணில் வேர் பிடித்துவிடுகின்றன. பயம் போன பிறகு கேட்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது!

இது திரும்ப வரலாம் என்பதால் போன வாரம் மறுபடியும் சிஸ்டோஸ்கோப்பி. ஓர் இடத்தில் சந்தேகம், கிள்ளினார்கள். நர்ஸிடம் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அந்தக் கட்டம் காலி. பேனாவைக் கொடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைத்த பிறகுதான் பாட்டிலை லேபுக்கு அனுப்ப விட்டேன்.