நிலாவரையில் இறக்கிய போத்தல்

ஆண்டு 10இல் எங்களுக்குப் புவியியல் படிப்பித்த சேர் ஒரு சனிக்கிழமை வகுப்பு முழுவதையும் சைக்கிளில் யாழ்ப்பாணத்துப் புத்தூரில் உள்ள நிலாவரை ஆழ்கிணற்றுக்குக் கூட்டிப்போனார். கையில் ஒரு வெறும் போத்தல், அதன் கழுத்தில் கட்டிய கல், நூறடிக் கயிறு. தக்கையையும் அதே கயிற்றில் தளர்வாகப் பிணைத்திருந்தார். கயிறு முடியும்வரை இறக்கி ஒரு சுண்டு சுண்டினார். சற்று நேரத்தில் குமிழிகள் குபுகுபுவென்று மேலே வந்தன. இழுத்தெடுத்த தண்ணீரில் ஆளுக்கொரு சொட்டு நாக்கில் வைத்தோம். உவர்ப்பு. மேலே அள்ளிய தண்ணீரோ வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மாதிரியே இருந்தது.

ஏன் என்று கேட்டோம்.

“கல்லைப் பற்றி நான் சொல்லுவன். உப்பைப் பற்றி இரசாயன சேரிட்டைக் கேளுங்கோ. நல்ல தண்ணி ஏன் மேலை நிக்குது எண்டு பௌதிக சேரிட்டைக் கேளுங்கோ. கேட்டிட்டுத் திங்கட்கிழமை வாங்கோ” என்றார்.

அந்தத் திங்கட்கிழமைப் பாடம் எனக்கு இன்றும் மனப்பாடம். மழைநீர் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடர்த்தி கூடிய உப்புநீரின் மேல் மிதக்கிறது. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு அதைத்தான் குடிக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும்.

இங்கிலாந்துக்கு வந்தபின் நோரிச்சில் உள்ள ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் எடுத்தேன். 1967இலேயே இதற்கென்று தனித்துறை தொடங்கிய இடம். முதல் தவணை கஷ்டம்தான். காலையில் வளிமண்டல இரசாயனம், மத்தியானம் மண், பிறகு பொருளியல். எதிலும் கால் ஊன்றவில்லை என்ற பயம்.

அந்தப் பயம் போனது நோர்போக் புரோட்ஸில். ஆழமில்லாத ஏரிகள் அவை. இயற்கையாக உண்டானவை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1950களில் ஜோய்ஸ் லாம்பேர்ட் என்ற தாவரவியலாளர் நெருக்கமாகத் துளையிட்டுப் பார்த்தபோது, சேற்றுக்கடியில் பக்கங்கள் செங்குத்தாக வெட்டுண்டு கிடந்தன. எரிபொருளுக்காக மனிதர் பீட் என்ற, மக்கிய தாவரங்களாலான மண்ணை வெட்டிய குழிகள்! வரலாற்றுப் புவியியலாளர் ஒருவர் மத்தியகாலக் கணக்குகளைப் புரட்டினார், புவியியலாளர்கள் நிலத்தை ஆராய்ந்தார்கள். எல்லோரும் சேர்ந்து 1960இல் முடிவை வெளியிட்டார்கள். தாவரவியல் தெரிந்த ஒருவரால் மட்டும் அதை முடித்திருக்க முடியாது. நாங்களும் துளையிட்டோம். குழாயிலிருந்து வழுக்கி வந்த சாம்பல் சேறும், அதன் கீழே நார்நாராக இருந்த கறுத்த பீட்டும் என் உள்ளங்கையில் கிடந்தபோது சேரின் போத்தல்தான் ஞாபகம் வந்தது.

பிறகு அந்த ஏரிகள் பாசியால் பச்சையாகின. பாசிக்கு உரமாகக் கழிவுநீரோடு வந்த பொசுபேற்றை மறித்தும் தண்ணீர் உடனே தெளியவில்லை; அது சேற்றில் தங்கியிருந்தது. பார்ட்டன் ஏரியில் சேற்றையே உறிஞ்சி எடுத்தார்கள். அதற்கு யார் காசு கொடுப்பது, கமக்காரரை எப்படி இணங்கவைப்பது என்ற கேள்விகள் வந்தபோதுதான் பொருளியல் வகுப்பின் அருமை புரிந்தது.

நம் ஊரிலும் இதே கதை. வெங்காயத் தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிகளும் பல கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியிருக்கின்றன. போன ஆவணியில் எங்கள் வீட்டுக் கிணற்றில் நைத்திரேற்றைக் காட்டும் சோதனைப் பட்டி ஒன்றை நனைத்தேன். அம்மா பக்கத்தில் நின்றா. ஒரு நிமிடத்துக்குள் அது கடும் இளஞ்சிவப்பானது; நைத்திரேற்று மிகக் கூடுதல் என்று அர்த்தம். “இதையோ தம்பி இவ்வளவு நாளும் குடிச்சனாங்கள்?” என்று கேட்டா.

நான் படித்த கல்லூரியின் ஆய்வுகூடத்துக்குப் பழைய மாணவர் சங்கம் உதவி சேர்ப்பதாக அறிந்தேன். என் பங்காகச் சோதனைப் பட்டிகளும் ஒரு நூறடிக் கயிறும் அனுப்புகிறேன்.