கூம்புத் தொப்பியும் குட்டைக் கதவும்

மத வார இதழில் கேலிச்சித்திரம் வரைகிறேன் என்றால், கேட்பவர்கள் முதலில் சிரித்துவிட்டு, "அங்கே யாரைக் கேலி செய்வீர்கள்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அரசியல் நாளேட்டுக்காரனுக்கு ஆளுக்கா பஞ்சம்? எங்கள் கத்தோலிக்க இதழில் கடவுளை வரையலாம், கேலி செய்ய முடியாது. குருக்களைத் தேநீர் வேளையில் கேலி செய்யலாம், வரைய முடியாது. மிஞ்சுவது பொதுநிலையினர், அதாவது குருக்கள் அல்லாத சாதாரண விசுவாசிகள். சந்தா கட்டுவதும் அவர்களே.

ஆகவே விவிலியத்துக்குள் ஒளிந்துகொள்ளக் கற்றேன். லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும், தற்பெருமையோடு ஜெபிக்கும் பரிசேயரையும் தாழ்மையோடு ஜெபிக்கும் வரிதண்டுபவரையும் ஒருமுறை வரைந்தேன். பரிசேயர் பீடத்துக்கு அருகில் ஒலிபெருக்கி வைத்து ஜெபிக்கிறார். வரிதண்டுபவர் தூணுக்குப் பின்னால் நிற்கிறார். பரிசேயரின் முகம் சரியாக அமையாததால் ஒரு மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். அதுதான் வினை. மறுவாரம் ஒரு பங்குப் பேரவைச் செயலர் அலுவலகத்துக்கே வந்து, "என்னை ஏன் வரைந்தீர்கள்?" என்றார். அவரை நான் பார்த்தது அன்றுதான். அவர் போன மூன்றாம் நாள் வேறொரு பங்கிலிருந்து இன்னொருவர் அதே புகாருடன் வந்தார். அவர் கண்ணாடியே அணிவதில்லை. மூக்கு தன்னுடையது என்றார்.

இப்படி இருபது ஆண்டுகள் ஓடின. நான் சொல்ல வந்தது ஒரு கிறிஸ்துமஸ் இதழைப் பற்றி.

பெத்லகேமில் பிறப்புப் பேராலயத்தின் வாசல் சுமார் 4 அடி உயரம்தான். தாழ்மையின் கதவு என்று அதற்குப் பெயர். குதிரையோடு உள்ளே நுழைவதைத் தடுக்கவே அதைக் குறுக்கினார்கள் என்பார்கள். படத்தில் அதன் முன் ஓர் ஆயரை, அதாவது பிஷப்பை, நிறுத்தினேன். தலையில் ஆயர்களுக்கே உரிய நெடிய கூம்புத் தொப்பி. பக்கத்தில் ஒரு கொத்தனார் நாடாவால் நிலையை அளந்துகொண்டிருக்கிறார். வசனம் எதுவும் இல்லை. நான் வரைந்தவற்றில் அதுவே எனக்குப் பிடித்தது.

ஆசிரியராக இருந்த குரு அதை வெகுநேரம் பார்த்தார். "வெளியாட்கள் இந்தத் தொப்பியைப் படுத்தியது போதாதா?" என்றார். அவர் சொன்னது அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட்டை. 1871இல் ஹார்பர்ஸ் வீக்லி என்ற வார இதழில், கரையேறி வரும் முதலைகளாக அவர் ஆயர்களை வரைந்தார். பிளந்த வாய்களாகத் தெரிபவை அவர்களுடைய தொப்பிகளே. நானும் விடவில்லை. "சாமி, 1521இல் ஜெர்மன் ஓவியர் கிரானாக் ஒரு பக்கம் சீடர்களின் பாதம் கழுவும் கிறிஸ்து, மறுபக்கம் தன் பாதத்தை முத்தமிட நீட்டும் போப் என்று செதுக்கினாரே, கேலிச்சித்திரத்துக்கு நடை பழக்கியதே மதம்தானே?" என்றேன். "அது போப்பை எதிர்த்துப் பிரிந்த லூத்தர் அணியின் வேலை" என்று முடித்துவிட்டார். அன்று அவர் மேசையில் கிடந்த அட்டைப்படத்தில் தொந்தியும் தாடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தாத்தாவுக்கு இன்றைய உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அதே நாஸ்ட். இதை அவரிடம் சொல்லவில்லை. அட்டைப்படமும் போய்விடுமோ என்ற பயம்.

ஐந்தே நிமிடத்தில் இணங்கினேன். இன்றும் உறுத்துவது அந்த வேகம்தான். தொப்பியின் மேல் வெள்ளைச் சாயம் பூசி, அங்கியையும் கோட்டாக மாற்றி, ஒரு பணக்காரனின் உயரத் தொப்பியை வைத்தேன். படம் வந்தது. யாரும் புகார் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

சில மாதங்கள் கழித்து எங்கள் ஆயரே இதழ் அலுவலகத்துக்கு வந்தார். சுவரில் சாய்த்திருந்த மூலப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவர், அந்தக் கதவுப் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இந்திய மையை வெள்ளைச் சாயத்தால் முழுக்க மறைக்க முடியாது. சாய்த்துப் பிடித்தால் அடிக்கோடு தெரியும். ஆசிரியர் தரையைப் பார்த்தார்.

"கதவு எவ்வளவு உயரம்?" என்று ஆயர் கேட்டார்.

"நான்கடி இருக்கும், ஆண்டவரே."

"நான் போயிருக்கிறேன். குனிந்து நுழைந்ததில் இரண்டு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது" என்று சொல்லி, படத்தை என்னிடமே திருப்பித் தந்தார்.