பல் மருத்துவமனையில் ரசாயனக் கணக்கெடுத்த அனுபவம்

கம்பெனி பாட்டிலுக்குள் இருக்கும் வரை எந்த ரசாயனமும் அவ்வளவு தொல்லை தருவதில்லை. அதை விட்டு வேறொன்றுக்கு மாற்றியதும் ஆரம்பிக்கிறது வம்பு. நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் ரசாயனப் பட்டியல் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் ஆபத்தையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாள் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த வேலையில் பாதி நேரத்தை விழுங்கியவை இந்தப் பெயரில்லாத பாட்டில்கள்தான்.

அலமாரி, ஸ்டெரிலைசேஷன் அறை, பல்செட் செய்யும் லேப் என்று நோட்டும் கையுமாகச் சுற்றினேன். லேபிளோடு இருந்தவை சட்டென்று முடிந்தன. சிவப்பு ஓரம் போட்ட கட்டத்துக்குள் இருக்கும் படமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தீச்சுடர் என்றால் எரியக்கூடியது. கையில் திரவம் சொட்டுகிற படம் என்றால் அரிக்கக்கூடியது. மனித உருவத்தின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி இருந்தால், மூச்சுக்குழலுக்கு ஒவ்வாமை போல உள்ளுக்குள் கெடுக்கிற வகை.

லேப் மேஜையில் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டில், மேலே ஒன்றும் எழுதவில்லை. சீனியர் அக்காவிடம் கேட்டேன்.

“மோந்து பாத்தாலே தெரியுமே, மோனோமர்தான்.”

“அது என்னன்னே தெரியாதவங்க மோந்து பாத்தா என்னக்கா பண்றது?”

சிரித்தார். மார்க்கரைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

மோனோமர் என்று நாங்கள் சொல்வது மெத்தில் மெத்தாக்ரிலேட், பல்செட்டின் பிளாஸ்டிக்குக்குக் கலக்கும் திரவம். அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் கீழே இறங்கித் தள்ளிப் போய்ப் பரவும். அதே மேஜையின் மறுகோடியில்தான் மெழுகு உருக்கும் ஸ்பிரிட் விளக்கு! அன்றைக்கே விளக்கை இடம் மாற்றினோம்.

தரவுத் தாள் 16 பிரிவுகள் கொண்டது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. 4-வது முதலுதவி, 6-வது சிந்தினால் செய்ய வேண்டியது, 8-வது கையுறை, கண்ணாடி போன்றவை, 10-வது எதோடு சேரக்கூடாது என்பது. இந்த நான்கையும் மட்டும் பெரிய எழுத்தில் எடுத்து சுவரில் ஒட்டினேன். 8-வது பிரிவைப் படித்த பிறகு லேடெக்ஸ் கையுறை மேல் எனக்கு இருந்த நம்பிக்கை போயே போய்விட்டது. பல்லில் அடைப்பை ஒட்டவைக்கும் பாண்டிங் திரவத்திலும் மோனோமரிலும் இருக்கும் மெத்தாக்ரிலேட்டுகள் அதற்குள் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். நைட்ரைல் கையுறை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். மேலே பட்டதும் கழற்றி எறிந்துவிட வேண்டும்.

ரூட் கெனால் ட்ரேயைத்தான் நான் அதிகம் முறைத்துப் பார்த்தேன். பல்வேரின் உள்ளே கழுவும் ஹைப்போகுளோரைட், சலைன் என்ற உப்புநீர், மரத்துப்போகும் மருந்து, மூன்றும் தண்ணீர் போலத்தான் இருக்கும். சிரிஞ்சில் ஏற்றிவிட்டால் கண்ணால் பிரிக்க வழியே இல்லை. ஊசி மருந்து என்று நினைத்து ஹைப்போகுளோரைட்டைத் திசுவுக்குள் ஏற்றினால் நிலைமை என்னவாகும்? இப்போது எங்களிடம் ஒரே விதி: வண்ண ஸ்டிக்கர் ஒட்டிய பிறகே சிரிஞ்சில் ஏற்றலாம், ஏற்றிய பிறகு ஒட்டுவது கிடையாது. ஹைப்போகுளோரைட் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அதனால் மிச்சமானதை அமிலம் கலந்த கிளீனர் ஊற்றும் சிங்க்கில் கொட்டுவதையும் நிறுத்தினோம்.

கருவிகளை ஊறவைத்துக் கிருமி நீக்கும் குளுட்டரால்டிஹைடு ட்ரேயில் மூடி பெயருக்குத்தான் இருந்தது. 2 சதவீதக் கரைசல்தானே என்பார்கள். அதன் ஆவி கண்ணை எரிக்கும், சிலருக்கு ஆஸ்துமாவே வரவழைக்கும். ஆக்டிவேட் செய்த, அதாவது பயன்பாட்டுக்குத் தயார் செய்த தேதியையும் யாரும் எழுதுவதில்லை. தயாரிப்பைப் பொறுத்து அது 14 நாளோ 28 நாளோதான் தாங்கும். தேதி எழுதும் பழக்கம் வந்ததை விட, சூடு தாங்கும் கருவிகளையெல்லாம் நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு மாற்றியதுதான் பெரிய நிம்மதி. இல்லாத ரசாயனத்துக்கு முகமூடி தேவையில்லையே.

பல் சொத்தையை அடைக்கும் உலோகக் கலவையான அமால்கத்தில் ஏறக்குறைய பாதி பாதரசம். புதிதாக அடைக்காவிட்டாலும் பழையதைத் தோண்டி எடுக்கிறோம். துகள்கள் இறுக மூடிய டப்பாவுக்குப் போகின்றன. அமால்கம் உள்ள பல்லைப் பிடுங்கினால் அது ஆட்டோகிளேவ் பக்கமே போகாது, சூட்டில் பாதரசம் ஆவியாகிவிடும்.

கண் கழுவும் குழாய்க்கு முன்னால் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை அகற்றப் பேச வேண்டியிருந்தது தனிக்கதை. கண்ணில் பட்டால் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். அந்த நேரத்தில் பெட்டி நகர்த்திக்கொண்டிருக்க முடியுமா?

ஒன்று மட்டும் பாக்கி. செராமிக் பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கப் பயன்படுத்தும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலில் பட்டால் வலி தாமதமாகத்தான் தெரியலாம், அதற்குள் ஆழமாக இறங்கிவிடும். கழுவிய கையோடு தடவ கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் முதலுதவிப் பெட்டியில் அது இல்லை. டாக்டர் ஆர்டர் போட்டிருக்கிறார். ஜெல் வரும் வரை அந்த அமிலத்தை வெளியே எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.