அளந்தது ஒன்று, கணக்குப் போட்டது இரண்டு

போன மாதம் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் ஐசியூவிலிருந்து போன். "சார், ஆறாம் பெட் மானிட்டர் பிபி தப்பா காட்டுது, வந்து பாருங்க." மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பதுதான் என் வேலை. 14 வருடமாகக் கேட்டுப் பழகிய புகார் இது.

30 வாரத்தில் பிறந்த குழந்தை, எடை 1,300 கிராம். தொப்புள் தமனியில் லைன் (ரத்த அழுத்தத்தை உள்ளிருந்தே அளக்கும் மெல்லிய குழாய்) போட்டிருந்தார்கள். லைனில் சராசரி அழுத்தம் 27 மி.மீ. பாதரசம், கையில் சுற்றிய கஃபில் 36. பெரியவர்களுக்கு ஒன்பது வித்தியாசமென்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே அப்படியில்லை. பிறந்த புதிதில், எத்தனை வாரத்தில் பிறந்த குழந்தையோ சராசரி அந்த எண்ணுக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 27 என்றால் மருந்தைப் பற்றிப் பேச்சு வரும். 36 என்றால் யாரும் பேச மாட்டார்கள்.

கஃபைக் கழற்றி, டி-குழாயில் என் மானோமீட்டரை (அழுத்தமானியை) இணைத்துக் காற்று ஏற்றினேன். இரண்டிலும் ஒரே எண். கசிவு இல்லை. குழந்தையின் கைக்குப் பதிலாக மாட்டிச் சோதிக்கும் சிமுலேட்டரிலும் பாஸ். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

ஆனால் சிமுலேட்டரின் லட்சணம் எனக்குத் தெரியும். இந்த மானிட்டர்கள் ஸ்டெதாஸ்கோப் மாதிரி எதையும் கேட்பதில்லை. கஃபிலிருந்து காற்று இறங்கும்போது தமனியின் துடிப்பு அதற்குள் மெல்லிய அதிர்வாக வரும். அந்த அதிர்வு எந்த அழுத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறதோ, அதுதான் சராசரி. மேல் எண்ணும் கீழ் எண்ணும் அங்கிருந்து போடும் கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு, அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். சிமுலேட்டர் அனுப்புவதோ செயற்கைத் துடிப்பு. மெஷின் நேற்றுச் சொன்ன பதிலையே இன்றும் சொல்கிறதா என்பதற்குத்தான் அது சாட்சி. சர்வதேசத் தரம் கேட்பதும் சராசரிப் பிழை 5 மி.மீ.க்குள், சிதறல் 8 மி.மீ.க்குள். 120 உள்ள எனக்கும் அதே 8, சராசரி முப்பதைத் தொடாத குழந்தைக்கும் அதே 8!

சரி, எல்லோரும் நம்புகிற லைனைப் பார்ப்போம் என்று திரும்பினேன். லைனின் அழுத்தத்தை உணரும் டிரான்ஸ்டியூசர் ஸ்டாண்டில் குழந்தையின் நெஞ்சு மட்டத்துக்கு மேலே நின்றது. காலையில் எக்ஸ்ரேவுக்காகப் படுக்கையை இறக்கியிருக்கிறார்கள், அதை மட்டும் யாரும் இறக்கவில்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 10 செ.மீ. ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் அழுத்தம் ஏழு மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாகவே குறைத்துக் காட்டும். இறக்கி, ஜீரோ செய்ததும் லைன் 34 காட்டியது.

"அப்படியே கஃபையும் பாத்துடலாம் சார்" என்றார் மூத்த சிஸ்டர். பாக்கெட்டிலிருந்து பேப்பர் டேப்பை எடுத்துக் கையைச் சுற்றினார். ஆறரை செ.மீ. என் கட்டைவிரலின் சுற்றளவே அவ்வளவு இருக்கும். இரண்டாம் நம்பர் கஃபும் சேரும், மூன்றாம் நம்பரும் சேரும் என்று கஃபிலேயே அச்சடித்திருக்கிறது. கட்டியிருந்தது இரண்டு. கஃப் சிறிதானால் எண் ஏறும். மூன்றை மாட்டிவிட்டு, "தூங்கட்டும், கால் மணி நேரம் யாரும் தொடாதீங்க" என்றார்.

முதல் ரீடிங் 38. சிஸ்டர் அதை எழுதவே இல்லை. கஃப் இறுக்கும்போது குழந்தை சிணுங்கும், முதல் எண் அநேகமாக ஏறித்தான் வரும். (வீட்டில் என் அம்மா மூன்று தடவை எடுத்து, எது குறைவோ அதை டைரியில் எழுதுவார். அது வேறு விஞ்ஞானம்.) இரண்டு நிமிடம் விட்டு 35. அப்புறம் 34.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'பழுது' என்ற கட்டத்தில் "ஸ்டாண்ட் உயரம் 10 செ.மீ." என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். சாயந்திரம் ஆபீஸிலிருந்து போன்: "எந்த பார்ட் மாத்துனீங்க? பில் போடணும்."