ஹெல்ப்டெஸ்க்குக்கு பாஸ்வேர்ட் ரீசெட் உரிமை: டிஎஸ்ஏசிஎல்எஸ் வைத்த ஆப்புகள்

ஒருவழியாக முடிந்தது. ஆக்டிவ் டைரக்டரியில் (விண்டோஸ் நெட்வொர்க்கின் கணக்குகள் இருக்கும் இடம்) சில ஓயு-க்களில் (கணக்குகளைப் பிரித்து வைக்கும் ஃபோல்டர் மாதிரி) உள்ள யூசர்களின் பாஸ்வேர்டை ஹெல்ப்டெஸ்க் குழு ரீசெட் செய்ய வேண்டும், கேட்டது அவ்வளவுதான். ஒன்றிரண்டு ஓயு என்றால் டெலிகேஷன் விசார்டே போதும். நிறைய இருந்ததால் கமாண்ட் லைன், அதாவது அனுமதிகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் டிஎஸ்ஏசிஎல்எஸ் கட்டளை.

கட்டளையின் பெயருக்குப் பின் ஓயுவின் முழு டிஎன் (டைரக்டரியில் அதன் முழு முகவரி), பிறகு ஸ்லாஷ் ஜி (அனுமதி கொடு), பிறகு குழுப்பெயர், கோலன், சிஏ (கன்ட்ரோல் ஆக்சஸ் என்ற உரிமை வகை), செமிகோலன், ரீசெட் பாஸ்வேர்ட், செமிகோலன், யூசர். குழுப்பெயரிலிருந்து யூசர் வரை மொத்தத்தையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இல்லையென்றால் பவர்ஷெல் முதல் செமிகோலனிலேயே கட்டளை முடிந்தது என்று வெட்டிவிடும்.

கட்டளை வெற்றி என்று வந்தது. ஹெல்ப்டெஸ்க் முயன்றால் ஆக்சஸ் டினைட்! ஸ்லாஷ் ஐ கோலன் எஸ் விட்டுப்போயிருந்தது. அது இல்லாமல் கொடுத்த அனுமதி ஓயுவின் தலையில் மட்டும் உட்காரும், உள்ளே இருக்கும் யூசர்களுக்கு இறங்காது. இலக்கணப் பிழை இல்லாததால் எச்சரிக்கையும் வராது.

அதைச் சேர்த்ததும் ரீசெட் ஆனது. ஆனால் 'அடுத்த லாகினில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்' என்பதை டிக் செய்ய முடியவில்லை. அதற்கு பிடபிள்யூடி-லாஸ்ட்-செட் பண்புக்குத் தனியாக ஆர்பி-டபிள்யூபி (படிக்க, எழுத அனுமதி) வேண்டும். அக்கவுன்ட் அன்லாக்குக்கு லாக்அவுட்-டைம் பண்புக்கும் அதே. ஆக, ஓயுவுக்கு மூன்று கட்டளை.

அப்படியும் சிலருக்கு மட்டும் டினைட். அதிக நேரம் தின்றது இதுதான். அந்தக் கணக்குகளில் அட்மின்-கவுன்ட் என்ற பண்பின் மதிப்பு 1. என்றோ பிரின்ட் ஆபரேட்டர்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட குழுவில் போட்டு எடுத்த கணக்குகள். குழுவிலிருந்து எடுத்தாலும் அந்த 1 அழியாது, குழுவில் இருந்தபோது அறுந்த இன்ஹெரிடன்ஸும் (ஓயுவிலிருந்து அனுமதி இறங்கும் வழி) தானாகத் திரும்பாது. அட்மின்-கவுன்ட்டை அழித்து, அந்த யூசரின் டிஎன் மீது ஸ்லாஷ் பி கோலன் என் ஓட்டினால் சரியாகும். இன்னும் குழுவில் இருப்பவர்களுக்கு இதைச் செய்வது வீண்: எஸ்டி-ப்ராப் (பாதுகாக்கப்பட்ட கணக்குகளின் அனுமதிகளைச் சரிபார்க்கும் ஆக்டிவ் டைரக்டரி வேலை) 60 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து பழையபடி ஆக்கிவிடும். டொமைன் அட்மின் பாஸ்வேர்டை ஹெல்ப்டெஸ்க் தொடாமலிருப்பதே நல்லது.

தவறாகக் கொடுத்த ஒற்றை அனுமதியை எடுக்க ஸ்லாஷ் ஆர் பக்கம் போகாதீர்கள். அந்தப் பொருளில் அந்தக் குழுவுக்கு நேரடியாகக் கொடுத்த எல்லாமே போய்விடும். ஒரு ஓயுவுக்கு மூன்று கட்டளையையும் மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. ஸ்லாஷ் என் அதைவிட மோசம், இருக்கும் பட்டியலையே தூக்கிவிட்டுப் புதிதாக எழுதும். தொடும் முன் டிஎன்-ஐ மட்டும் கொடுத்து வரும் பட்டியலை டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு வையுங்கள். அந்த ஃபைலை வைத்து ரீஸ்டோர் செய்ய முடியாது, எது காணாமல் போனது என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவும்.