மான்செஸ்டரில் ரிஷப் அடித்த அந்த ஷாட்

மான்செஸ்டரில் நியூசிலாந்திடம் நாம் தோற்ற 2019 உலகக் கோப்பை அரையிறுதி பற்றிப் பேச்சு வந்தாலே எங்கள் டீம் பசங்க தோனியின் ரன் அவுட்டில் போய் நின்றுவிடுவார்கள். கப்திலின் அந்த த்ரோ எனக்கும் இன்னும் வலிக்கிறது. ஆனால் என் மனசு போய் நிற்பது அதற்கு முன்னால், 23ஆவது ஓவரில். இடது கை ஸ்பின்னர் மிட்செல் சான்ட்னர் வீசுகிறார், ரிஷப் பந்த் மண்டி போட்டு ஸ்லாக் ஸ்வீப் அடிக்கிறார், டீப் மிட்விக்கெட்டில் டி கிராண்ட்ஹோம் பிடிக்கிறார். 71 ரன்னுக்கு 5 விக்கெட்.

அது மோசமான ஷாட், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இலக்கு 240. இன்னும் 163 பந்தில் 169 ரன் வேண்டும், அதாவது பந்துக்கு ஒரு ரன் போல. 56 பந்து நின்று 32 எடுத்தவன், கண் பழகியவன், அந்த நேரத்தில் தூக்கி அடிப்பதற்கு அவசியமே இல்லை. கேப்டன் கோலி கோபத்தோடு பயிற்சியாளர் ரவி சாஸ்திரியிடம் போய்ப் பேசியது டிவியில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஹர்திக்கும் அதே 32 ரன்னில், அதே சான்ட்னரிடம், தூக்கி அடிக்கப் போய்த்தான் அவுட் ஆனார்.

சரி, 21 வயதுப் பையன் ஒருவனை உலகக் கோப்பை அரையிறுதியில் நாலாவது ஆளாக இறக்கியது யார்? ரிஷப் முதலில் எடுத்த 15 பேரில் கிடையாது. தவானுக்குக் கட்டைவிரலில் அடிபட்டதால் வந்தவர். ஓப்பனருக்கு மாற்றாக வந்து, விஜய் சங்கருக்கும் காயம் பட்டதும் நாலாம் இடத்துக்குப் போனார்.

அந்த நாலாம் இடத்துக்கு ஒருவர் தயாராகத்தான் இருந்தார். 2018 அக்டோபரில் மும்பையில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக அம்பதி ராயுடு 81 பந்தில் 100 அடித்தார். அந்தச் சமயத்தில் கோலியே அவரை உலகக் கோப்பை வரை ஆதரிக்க வேண்டும் என்றார். 2019 பிப்ரவரியில் வெலிங்டனில், இதே நியூசிலாந்துக்கு எதிராக இந்தியா 18க்கு 4 என்று கிடந்தபோது நின்று 90 எடுத்ததும் ராயுடுதான். கூட நின்று 45 எடுத்தவர் நம்ம விஜய் சங்கர். 252 எடுத்து 35 ரன்னில் ஜெயித்தோம். அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 13, 18, 2. அவ்வளவுதான், ஏப்ரலில் எடுத்த உலகக் கோப்பை அணியில் ராயுடு பெயர் இல்லை. விஜய் சங்கர் பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் என்று மூன்று பரிமாணம் தருவார் என்று தேர்வுக்குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் விளக்கினார். விஜய் சங்கர் மேல் எனக்குப் பாசம்தான், தமிழ்நாட்டுக்கு எவ்வளவோ உழைத்தவர். அதற்காக மூன்றே இன்னிங்ஸை வைத்து, வெலிங்டன் 90ஐத் தூக்கிப் போடுவதா? ஒருநாள் போட்டிகளில் 47 சராசரி வைத்திருந்த ஆள்!

மான்செஸ்டரில் 5க்கு 3 ஆனபோது தேவைப்பட்டது வெலிங்டன் மாதிரி ஓர் இன்னிங்ஸ். அதற்கு நாம் அனுப்பியது ரிஷப்பையும் தினேஷ் கார்த்திக்கையும். கடைசி ஓவர்களில் அடித்து முடிக்கிற கார்த்திக்கை டொக்கு வைத்துத் தடுத்து ஆடச் சொன்னோம். 25 பந்தில் 6 ரன், நீஷம் ஒற்றைக் கையில் பிடித்த அந்தக் கேட்ச்சோடு 24க்கு 4. தோனி ஏழாவதாக வந்தார்! இதை எத்தனை வருஷம் ஆனாலும் என்னால் ஏற்க முடியாது. போதாததற்கு, நாலு மேட்ச்சில் 14 விக்கெட் எடுத்த ஷமி வெளியே உட்கார்ந்திருந்தார்.

நான் கோவையில் ஒரு லீக் டீமுக்குப் பதினொரு பேரை எழுதிக் கொடுக்கிறவன். இடது கை ஸ்பின்னரைப் பார்த்ததும் கை பரபரக்கிற பையன் எங்களிடமும் உண்டு. ஆறாவதாக அனுப்பினால் மேட்ச்சையே ஜெயித்துக் கொடுப்பான். 10க்கு 3 என்கிற நிலைமையில் நாலாவதாக அனுப்பிவிட்டு, அவுட் ஆனதும் அவனைத் திட்ட எனக்கு உரிமை கிடையாது.

மூன்று வருஷம் கழித்து, 2022 ஜூலையில், மான்செஸ்டரின் அதே ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 260ஐத் துரத்தினோம். 72க்கு 4. களத்தில் அதே ரிஷப், அதே ஹர்திக். 18 ரன்னில் ரிஷப்பை ஸ்டம்பிங் செய்யும் வாய்ப்பை இங்கிலாந்து கீப்பர் பட்லர் விட்டார், அதிர்ஷ்டமும் இருந்தது. அப்புறம் இரண்டு பேரும் அவசரப்படாமல் 133 ரன் சேர்த்தார்கள். ரிஷப் முதலில் பொறுத்து, கடைசியில் பந்துவீச்சாளர் வில்லியை ஒரே ஓவரில் ஐந்து பவுண்டரி அடித்து 125 நாட் அவுட். அதுதான் அவருடைய முதல் ஒருநாள் சதம். இடையில் அந்தப் பையன் எவ்வளவு ஆடியிருந்தான், எவ்வளவு கற்றிருந்தான் என்பதை அன்றைக்குப் பார்த்தோம்.

அந்த நாலாம் இடத்தில் பிறகு ஷ்ரேயஸ் ஐயரை நிலையாக வைத்தார்கள், 2023 உலகக் கோப்பையில் 530 ரன் வந்தது. 2025 சாம்பியன்ஸ் டிராஃபியை ஜெயித்தபோதும் நமக்காக அதிக ரன் எடுத்தவர் அவர்தான். 2027இல் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில் அடுத்த உலகக் கோப்பை. ஷ்ரேயஸ் உடம்பு சரியாக இருக்கும் வரை அந்த இடத்தில் வேறு யாரையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். நடுவில் மூன்று மேட்ச்சில் 13, 18, 2 எடுத்தாலும் சரி.